ரீஜனல் சுற்றுக்கு நான்கு ஊர்கள் வேண்டும்: என்சிஏஏ பெண்கள் கூடைப்பந்துக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவுப் பெண்கள் கூடைப்பந்துக் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்டுவிடுகிறேன். மார்ச் மேட்னஸ் என்ற தேசிய சாம்பியன்ஷிப்பின் பெண்கள் போட்டியில் ரீஜனல் சுற்றை இரண்டே ஊர்களில் நடத்துவதை நிறுத்துங்கள். முன்பு நடத்தியது போல நான்கு ஊர்களில் நடத்துங்கள். இந்த மடலில் நான் கேட்பது இது ஒன்றைத்தான்.

இந்தப் போட்டியைப் புதிதாகப் பார்க்க ஆரம்பித்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மொத்தம் 68 கல்லூரி அணிகள். முதல் வார இறுதியில் பட்டியலின் மேலே உள்ள 16 அணிகள் தங்கள் சொந்த அரங்கிலேயே ஆடும், மற்றவை அங்கே போய் மோதும். இரண்டு சுற்று முடிந்ததும் 16 அணிகள் மிஞ்சும். இவை நான்கு பிரிவாகப் பிரிந்து ஆடி, பிரிவுக்கு ஒன்றாக நான்கு அணிகள் ஃபைனல் ஃபோர் என்ற அரையிறுதிக்குப் போகும். அந்தப் பிரிவு ஆட்டங்களைத்தான் ரீஜனல் என்கிறோம். ஆண்கள் போட்டியில் நான்கு பிரிவுக்கும் நான்கு ஊர்கள். பெண்கள் போட்டியிலும் அப்படித்தான் இருந்தது. 2021இல் மட்டும் கொரோனாவால் எல்லா அணிகளையும் சான் ஆன்டோனியோ பக்கம் ஒன்றாக வைத்து நடத்தினீர்கள். 2023இலிருந்து இரண்டே ஊர்கள், ஊருக்கு எட்டு அணிகள். 2023இல் கிரீன்வில், சியாட்டில். 2024இல் ஆல்பனி, போர்ட்லண்ட். 2025இல் பர்மிங்காம், ஸ்போகேன். 2026க்கு ஃபோர்ட் வொர்த், சாக்ரமென்டோ.

சரி, இதில் என்ன கெட்டுப்போனது என்று கேட்பீர்கள். எந்த அணி எந்த ஊருக்குப் போனது என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு பாருங்கள்.

2023இல் சியாட்டிலில் ஆடிய எட்டு அணிகள் எவை தெரியுமா? வர்ஜீனியா டெக், டென்னசி, ஓஹையோ ஸ்டேட், யூகான் (கனெக்டிகட்), அயோவா, கொலராடோ, லூயிவில், ஓல் மிஸ் (மிசிசிப்பி). பசிபிக் கரையிலிருந்து ஒரு அணி கூட இல்லை. அந்த எட்டில் மேற்கே தள்ளி இருந்தது கொலராடோதான், அதுவே சியாட்டிலிலிருந்து இரண்டு மலைத்தொடர் தாண்டி இருக்கிறது. அதே வாரம் மேற்கிலிருந்து வந்த யுசிஎல்ஏவும் யூட்டாவும் எங்கே ஆடின? நாட்டின் மறுபக்கத்தில், தென் கரோலினாவின் கிரீன்வில்லில். சியாட்டிலுக்கு வர வேண்டியிருந்த ஸ்டான்ஃபோர்ட் தன் சொந்த அரங்கிலேயே ஓல் மிஸ்ஸிடம் தோற்றுப் போனது, அதை உங்கள் மேல் போட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு அணி எதிர்பாராமல் தோற்றால் அந்த ஊர் ரசிகர்களுக்குப் பக்கத்து அணி என்று ஒன்றுகூட மிஞ்சாத ஏற்பாடு நல்ல ஏற்பாடா?

2024இல் நடந்தது இதைவிட மோசம். ஓரிகன் ஸ்டேட் இருக்கும் கோர்வாலிஸிலிருந்து போர்ட்லண்ட் ஒன்றரை மணி நேரக் கார் பயணம். அந்த அணியை நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனிக்கு அனுப்பினீர்கள். யூகான் இருக்கும் ஸ்டோர்ஸிலிருந்து ஆல்பனி ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அந்த அணியை ஓரிகனின் போர்ட்லண்டுக்கு அனுப்பினீர்கள். இரண்டு அணிகளும் ஒன்றையொன்று கடந்து ஒரு கண்டத்தையே குறுக்கே தாண்டி, ஒன்றின் வாசலில் மற்றது போய் ஆடியது. இது யாரோ வேண்டுமென்றே செய்ததல்ல என்று எனக்குத் தெரியும். அணிகளின் பலத்தைச் சமமாகப் பிரிக்க வேண்டும், ஒரே கான்ஃபரன்ஸின் (கல்லூரிகள் சேர்ந்து ஆடும் லீக்கின்) முன்னணி அணிகள் ஒரே பிரிவில் விழக்கூடாது, இப்படி எத்தனையோ நிபந்தனைகளை வைத்துக்கொண்டுதான் நீங்கள் பட்டியல் போடுகிறீர்கள். ஆனால் அத்தனை நிபந்தனைகளுக்கும் நடுவில் இருப்பது இரண்டே ஊர்கள் என்றால், பக்கத்து ஊர் என்ற கணக்கு முதலில் அடிபட்டுப் போகிறது. கிழக்கு அல்லது மேற்கு, நடுவில் எதுவும் இல்லை.

அந்த வாரத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எனக்கு ரொம்ப உறுத்தியது இதுதான். 2024 மார்ச் 30 அன்று யூகான் ஆண்கள் அணி பாஸ்டனில் இல்லினாயை வென்று ஃபைனல் ஃபோருக்குப் போனது. பாஸ்டன் அவர்கள் கல்லூரியிலிருந்து காரில் போய்வரும் தூரம், அரங்கம் முழுக்க அவர்கள் ஆட்கள். அதே நாளில் அதே கல்லூரியின் பெண்கள் அணி போர்ட்லண்டில் டியூக்கோடு ஆடிக்கொண்டிருந்தது. ஆண்கள் அணி பட்டியலில் முதலிடம், பெண்கள் அணி தன் பிரிவில் மூன்றாம் சீட் (தரவரிசை இடம்), ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்பீர்கள். சரிதான். ஆனால் ஆண்களுக்கு அந்த வாரம் பாஸ்டன், டல்லஸ், டெட்ராய்ட், லாஸ் ஏஞ்சலஸ் என்று நாடு முழுக்கப் பரந்த நான்கு ஊர்கள் இருந்தன. அந்த ஆண்டு பெண்கள் பக்கத்தின் நான்கு முதல் சீட் அணிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். தென் கரோலினாவும் அயோவாவும் ஆல்பனிக்குப் போயின, டெக்சஸும் லாஸ் ஏஞ்சலஸின் யுஎஸ்சியும் போர்ட்லண்டுக்குப் போயின. ஆண்டு முழுக்க வென்று முதலிடத்தைச் சம்பாதித்த நான்கு அணிகளில் ஒன்றுக்குக்கூட வீட்டுக்குப் பக்கத்தில் ஆடும் பரிசு கிடைக்கவில்லை.

2025ஐயும் பார்த்துவிடலாம். லூசியானாவின் எல்எஸ்யூவும் வட கரோலினா ஸ்டேட்டும் மோதின. இரண்டும் தென்கிழக்கு அணிகள். அந்த வாரம் இருந்த இரண்டு ஊர்களில் ஒன்று அலபாமாவின் பர்மிங்காம், எல்எஸ்யூ ரசிகர்கள் காலையில் காரில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்ச் சேரலாம். ஆனால் ஆட்டம் நடந்தது ஸ்போகேனில், கனடா எல்லைக்குப் பக்கத்தில். பர்மிங்காமிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் ஓல் மிஸ்ஸும் ஸ்போகேனுக்குத்தான் போனது. யூகானும் அங்கேதான், மறுபடியும் நாட்டின் மறுகோடிக்கு. திங்கட்கிழமை ஸ்போகேனில் யுஎஸ்சியை வென்ற யூகான், வெள்ளிக்கிழமை ஃப்ளோரிடாவின் டாம்பாவில் ஃபைனல் ஃபோர் ஆட வேண்டும். வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்கு, இடையில் மூன்றே நாள். அவர்கள் வென்றார்கள், கோப்பையையும் தூக்கினார்கள், ஆகவே பயணம் ஒரு பிரச்சினையே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். இவர்கள் சம்பளத்துக்கு ஊர் ஊராக ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்லர். வகுப்பும் தேர்வும் உள்ள மாணவிகள். மூன்று மணி நேர வித்தியாசமுள்ள ஊரில் தூக்கம் பிடிபடுவதற்குள் ஆட்டம் வந்துவிடுகிறது. இந்த முறை பிடிக்கவில்லை என்று யூகான் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மா வெளிப்படையாகவே பேசினார். அவர் எல்லாவற்றுக்கும்தான் பேசுவார் என்று தள்ளிவிடாதீர்கள், இதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

பயணத்தை விடுங்கள். ஒரே அரங்கில் எட்டு அணிகளைக் குவிப்பதில் இன்னொரு ஆபத்து இருப்பதை 2024 போர்ட்லண்ட் காட்டிவிட்டது. அந்தத் தளத்தில் ஒரு பக்கத்து மூன்று புள்ளிக் கோடு, இருக்க வேண்டிய தூரத்தைவிடச் சுமார் 9 அங்குலம் குறைவாக வரையப்பட்டிருந்தது. டெக்சஸும் வட கரோலினா ஸ்டேட்டும் ஆடத் தயாரான நேரத்தில்தான் அது வெளியே தெரிந்தது. அதற்குள் அதே தளத்தில் நான்கு ஆட்டங்கள் முடிந்திருந்தன. ஐந்தாவது ஆட்டத்தையும், இரண்டு பயிற்சியாளர்களும் சம்மதித்ததால், அதே கோட்டோடு ஆடி முடித்தார்கள். தேசிய சாம்பியன்ஷிப்பில், ஃபைனல் ஃபோருக்கு யார் போவது என்று தீர்மானிக்கும் ஆட்டம் அது! கோடு வரைந்தவர் செய்தது மனிதத் தவறு என்றீர்கள், சரி, தவறு யாருக்கும் வரும். ஆனால் நான்கு ஊர்களில் நடந்திருந்தால் அந்தத் தவறு நான்கு அணிகளோடு நின்றிருக்கும். இரண்டே ஊர் என்பதால் கடைசிப் பதினாறில் பாதி அணிகள் அந்தக் கோட்டில் நின்று பந்து எறிந்தன. பயிற்சி நேரமும் இப்படித்தான். ஒரு தளத்தை எட்டு அணிகள் பங்கு போட்டால் ஒவ்வொரு அணிக்கும் கிடைக்கும் நேரம் சுருங்கத்தானே செய்யும்? ஆண்கள் ரீஜனலில் ஒரு தளம் நான்கு அணிகளுக்கு.

தங்குமிடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அதே 2024இல், ரீஜனலுக்கு முந்தைய சுற்றில், ஸ்போகேனில் ஒரே வாரத்தில் ஆண்கள் ஆட்டங்களும் பெண்கள் ஆட்டங்களும் வந்து ஹோட்டல் அறைகள் போதாமல், யூட்டா பெண்கள் அணியைச் சுமார் 30 மைல் தள்ளி, மாநில எல்லை தாண்டி ஐடஹோவின் கோர் டி அலேனில் தங்க வைத்தார்கள். அங்கே சாப்பிடப் போன அந்தப் பிள்ளைகளைப் பார்த்து வண்டியில் வந்தவர்கள் இனவெறி வார்த்தைகளைக் கத்தினார்கள். அணி பயந்துபோய் இடம் மாறியது. அது ரீஜனல் சுற்று இல்லைதான். ஆனால் ஒரு ஊரின் கொள்ளளவுக்கு மேல் அணிகளைக் கொண்டுவந்து இறக்கினால் யார் ஓரமாகத் தள்ளப்படுகிறார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? அடுத்த ஆண்டு ரீஜனலுக்கு எட்டு அணிகளை அதே ஸ்போகேனுக்கு அனுப்பினீர்கள்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். எட்டு அணிகளும் அவற்றின் ரசிகர்களும் இசைக்குழுக்களும் ஒரே ஊரில் கூடினால் திருவிழா போல இருக்கும், அரங்கம் நிரம்பும், தொலைக்காட்சிக்கும் செய்தியாளர்களுக்கும் வேலை எளிது. 2024 ஆல்பனியில் அரங்கம் நிரம்பியதைக் காட்டுவீர்கள். ஆனால் அந்த வாரம் ஆல்பனியில் இருந்தது அயோவாவின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க்கும் எல்எஸ்யூவின் நட்சத்திரம் ஏஞ்சல் ரீஸும். அயோவாவும் எல்எஸ்யூவும் மோதிய அந்த ஆட்டத்தை 1.2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டிலிருந்து பார்த்தார்கள். அந்த ஆட்டத்தை எந்த ஊரில் வைத்திருந்தாலும் டிக்கெட் மிஞ்சியிருக்காது. அதை இரண்டு ஊர் முறையின் வெற்றியாகக் கணக்கில் எழுதுவது சரியில்லை.

அரங்கம் எதனால் நிரம்புகிறது என்பதற்கு உங்கள் கையிலேயே பதில் இருக்கிறது. முதல் வார இறுதியைப் பாருங்கள். 16 கல்லூரி அரங்குகளில் நடக்கும் அந்த ஆட்டங்களுக்குக் கூட்டம் அலைமோதுகிறது, காரணம் அந்த ரசிகர்கள் அங்கேயே இருக்கிறார்கள், விமானம் ஏற வேண்டியதில்லை, வேலைக்கு லீவு போட வேண்டியதில்லை, பிள்ளைகளையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். (சொந்த அரங்கில் ஆடுவது நியாயமா என்று தனியாகச் சண்டை போடுபவர்களும் உண்டு. 2024, 2025 இரண்டிலுமே கடைசிப் பதினாறில் 13 இடங்கள் சொந்த அரங்கில் ஆடிய அணிகளுக்கே போயின. ஆனாலும் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடுவதைவிட அது மேல் என்பது என் எண்ணம்.) அப்படி ஒரு வாரம் முழுக்கச் சேர்த்த ஆரவாரத்தை அடுத்த வாரமே கலைத்து, மூன்று நாள் அவகாசத்தில் கண்டத்தின் மறுகோடிக்கு டிக்கெட் எடுத்து வா என்று ரசிகரிடம் சொல்கிறீர்கள். வசதி உள்ளவர் வருவார். ஆண்டு முழுக்க வந்து கைதட்டிய பள்ளி ஆசிரியரும் ஓய்வூதியக்காரரும் வரமாட்டார்கள். மகள் நாலு வருடத்தில் ஒரே ஒரு முறை இந்தச் சுற்றுக்கு வந்திருப்பாள், அவளுடைய அம்மா அப்பா விமான டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

நான்கு ஊரிலும் குறை இருந்ததே என்று கேட்டால், ஆமாம், இருந்தது. 2022இல் பிரிஜ்போர்ட்டில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. முதல் சீட்டான வட கரோலினா ஸ்டேட், இரண்டாம் சீட்டான யூகானோடு, யூகானின் சொந்த மாநிலத்தில், யூகான் ரசிகர்கள் நிறைந்த அரங்கில் ஆட வேண்டியிருந்தது. இரண்டு கூடுதல் நேரத்துக்குப் பிறகு 91-87 என்று தோற்றது. அற்புதமான ஆட்டம், ஆனால் வட கரோலினா ஸ்டேட்டுக்கு அது அநியாயம்தான். பொதுவான இடம் வேண்டும் என்ற கவலை பொய்யானது என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அதற்கு மருந்து ஊர்களைக் குறைப்பது அல்ல. தன்னைவிட மேல் சீட் உள்ள அணி இருக்கும் பிரிவில், கீழ் சீட் அணி தன் ஊருக்குப் பக்கத்தில் ஆடக்கூடாது என்று ஒரு விதி போடுங்கள். நான்கு ஊர் இருக்கும்போது அந்த விதியைக் கடைப்பிடிக்க இடமும் இருக்கும். நான்கு ஊர் வைத்தாலும் சில அணிகள் தூரம் போகத்தான் வேண்டும், அதையும் மறுக்கவில்லை. ஆனால் இப்போது இருக்கும் அளவுக்கு இருக்காது. நாட்டின் நடுப்பகுதியில் ஒரு ஊர், தெற்கில் ஒன்று, கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று என்று வைத்தாலே பாதிப் பயணம் குறைந்துவிடும்.

அடுத்தது செலவு. நான்கு ஊர் என்றால் நான்கு அரங்கு, நான்கு ஏற்பாடு, இரட்டிப்புச் செலவு. ஒரு காலத்தில் இதைக் கேட்டு நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். இன்று முடியாது. 2024 பெண்கள் இறுதி ஆட்டத்தை, தென் கரோலினா அயோவாவை வென்ற அந்த ஆட்டத்தை, ஏறக்குறைய 1.9 கோடிப் பேர் பார்த்தார்கள், அதே ஆண்டு ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 1.5 கோடிக்கும் கொஞ்சம் குறைவு. நாற்பது சாம்பியன்ஷிப்களுக்கு இஎஸ்பிஎன் விளையாட்டுத் தொலைக்காட்சியோடு எட்டு ஆண்டுகளுக்கு 92 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டீர்கள், அதில் பெண்கள் கூடைப்பந்தின் மதிப்பு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 6.5 கோடி டாலர் என்று நீங்களே சொன்னீர்கள். 2025 ஜனவரியில், பெண்கள் போட்டியில் ஆடி வெல்லும் அணிகளின் கான்ஃபரன்ஸ்களுக்கும் ஆண்கள் போட்டியைப் போலப் பணம் தரும் முறைக்கு உங்கள் உறுப்பினர்கள் 292-0 என்று வாக்களித்தார்கள். ஒரு எதிர்ப்பு ஓட்டுகூட இல்லை! அந்த முடிவுக்கு மனதார நன்றி சொல்கிறேன். அதே மனதோடு இதையும் பாருங்கள்.

2021 சான் ஆன்டோனியோவில் பெண்கள் அணிகளுக்கு ஒரு சின்ன டம்பெல் அடுக்கு மட்டும் வைத்திருந்ததை ஓரிகன் வீராங்கனை செடோனா பிரின்ஸ் வீடியோ எடுத்துப் போட்டார். ஆண்களுக்குக் கூடமே நிறைந்த உடற்பயிற்சிச் சாதனங்கள். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பதை உலகமே பார்த்தது. அதற்குப் பிறகு நீங்கள் வெளியாட்களை வைத்து ஆய்வு செய்தீர்கள், மார்ச் மேட்னஸ் என்ற பெயரைப் பெண்கள் போட்டிக்கும் கொடுத்தீர்கள், 64 அணிகளை 68 ஆக்கினீர்கள். எல்லாம் ஆண்களுக்கு இருந்ததைப் பெண்களுக்கும் கொடுத்த நல்ல மாற்றங்கள். ஆனால் அந்த மாற்றங்கள் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில் ஒரே ஒரு விஷயம் எதிர்ப்பக்கம் போனது. இருவருக்கும் சமமாக இருந்த நான்கு ஊர்கள் பெண்களுக்கு மட்டும் இரண்டாகின.

ஊர்களை நீங்கள் சில ஆண்டுகள் முன்கூட்டியே தேர்ந்தெடுப்பீர்கள் என்பதால் நாளைக்கே மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. ஒப்பந்தம் போட்ட ஊர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஆனால் அடுத்து ஏலத்துக்கு விண்ணப்பம் வாங்கும்போது நான்கு ஊர்களுக்கு வாங்குங்கள். அதற்கு முன்னால், 2023இலிருந்து ஒவ்வொரு அணியும் ரீஜனலுக்கு எத்தனை மைல் பயணித்தது, ஒவ்வொரு அணிக்கும் முக்கியத் தளத்தில் எவ்வளவு பயிற்சி நேரம் கிடைத்தது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் வாங்கியவர்களில் எத்தனை பேர் நிஜமாகவே உள்ளே வந்து உட்கார்ந்தார்கள் என்ற கணக்கை வெளியிடுங்கள். வீராங்கனைகளிடம் பெயர் சொல்லாமல் கருத்துக் கேளுங்கள், பயிற்சியாளர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். அந்தக் கணக்கு என் பேச்சு தவறு என்று காட்டினால் அதையும் படித்துப் பார்க்கத் தயாராக இருக்கிறேன். இரண்டு ஊர்தான் தொடரும் என்பது உங்கள் முடிவானால், அதற்கான காரணத்தையும் எழுத்தில் கொடுங்கள். அந்தக் காரணம் ஆண்கள் போட்டிக்கு ஏன் பொருந்தவில்லை என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒவ்வொரு மார்ச்சிலும் உங்கள் போட்டியைப் பார்க்கும் ஒரு ரசிகர்